ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பேச்சியம்மா

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து கோணலாகத்தான் வரும். முன்னுக்குப் பின் மாறியும் போகும். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் நான். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதல் நாள்

புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் நான் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தேன். முதல் நாள் பறித்த கொழுந்தையெல்லாம் கூடை நிறையட்டும் என்று கையால் அமுக்கி அமுக்கி வைத்தேன். பக்கத்து நிரையில் நின்ற காத்தாயி அக்கா பார்த்துவிட்டார்.

"என்னடி, புளிச்சோறா கட்டுற? அமுக்குனா சூடு ஏறி செவந்து போகும். செவந்த கொழுந்த தொரை ஒன் தலையிலதான் கொட்டுவாரு."

பறித்த இலையைச் சீக்கிரம் எடை பார்த்து, தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு அனுப்பாவிட்டால் கூடைக்குள்ளேயே வெந்துவிடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

செல்லாயிக்கு வலி கண்ட நாள்

இது நடந்தது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து. கண்டியிலிருந்து தொழிலாளர் சங்கத்து ஆட்கள் தோட்டம் தோட்டமாக வரத் தொடங்கிய காலம். அவர்களைத் தடுப்பதற்காக, வெளியாள் யார் தோட்டத்துக்குள் கால் வைத்தாலும் பொலிஸில் பிடித்துக் கொடுக்கலாம், அது வெள்ளைக்கார அரசாங்கத்தின் சட்டம் என்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்கள். எல்லையில் காவலும் போட்டார்கள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருந்த செல்லாயிக்குத் தலைப்பிரசவம். அவளுடைய அம்மா பேச்சியம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பேர்போன மருத்துவச்சி. எங்கள் தோட்டத்தில் மருத்துவச்சி கிடையாது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வந்து பக்கத்தில் இருப்பதுதான் எங்கள் வழக்கமும். விடிய வலி கண்டதும் செல்லாயியின் புருஷன் ராமன் ஆள் அனுப்பினான். பேச்சியம்மா பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயமருந்தைத் துணியில் முடிந்துகொண்டு ஓடி வந்தார். பாலத்தடியில் காவல்காரன் மறித்துவிட்டான்.

நாங்கள் ஆற்றோரத்து மலையில்தான் பறித்துக்கொண்டிருந்தோம். பேச்சு காதில் விழுந்தது.

"போயிருங்க ஆயா. பொலிசு புடிச்சா என்னைய ஏசக்கூடாது."

"நா என்னப்பா, ஒங்க தோட்டத்தையா தூக்கிட்டுப் போகப்போறேன்? எம்பேரப்புள்ளையத் தூக்க வந்தேன்."

அவன் அசையவில்லை. ராமன் கணக்கப்பிள்ளையிடம் போய்க் கெஞ்சினான். தொரையைக் கேள் என்றார். வெள்ளைக்காரத் தொரையோ பங்களாவில் இல்லை. பகல் நிறுவை நேரம் வந்தும் பேச்சியம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் காத்தாயி அக்கா கூடையை இறக்கி வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். யாரும் பேசி வைத்துச் செய்யவில்லை.

"நிறுக்க வாங்கடி!" என்று கங்காணி கத்தினார். "தொரை வந்தா என் தோல உரிச்சிருவாரு."

"உரிக்கட்டும் கங்காணி. உள்ளுக்கு என்னதான் இருக்குன்னு நாங்களும் பாக்குறோம்" என்றார் காத்தாயி அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது. தொரையின் குதிரை வந்து நின்றது. காத்தாயி அக்கா எழுந்து விஷயத்தைச் சொன்னார். தொரை தன்னுடைய தமிழில் பேசினார்.

"இது கவர்மெண்டு சட்டம். இன்னிக்கி அம்மா வரும். நாளைக்கி சங்கம் வரும்."

காத்தாயி அக்கா கூடைக்குள் கையை விட்டார். "சூடு ஏறுதுங்க தொரை. தொட்டுப் பாருங்க."

தொரை தொட்டுப் பார்த்தார். மலை முழுவதும் பறித்த கொழுந்து அங்கே வரிசையாக இருந்தது. முகம் சிவந்து, "கூட்டிட்டு வா" என்றார். ராமன் ஓடினான்.

பேச்சியம்மா பாலத்துக்குக்கூடச் சுற்றவில்லை, ஆற்றில் இறங்கியே வந்தார். லயத்துக்கு வந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. செல்லாயிக்கு இரத்தம் நிற்காமல் போய், உயிர் அடங்கி இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட வந்தவர் மகளைக் குளிப்பாட்டினார். காயமருந்து முடிச்சு அவிழ்க்காமல் வாசற்படியில் கிடந்தது.

அந்த வாரமே ராமனுக்கும் காத்தாயி அக்காவுக்கும் வேலையை விட்டு நீக்கும் பற்றுச்சீட்டுக் கொடுத்து வெளியே போகச் சொன்னார்கள். குழந்தையைப் பேச்சியம்மா கொண்டுபோனார். அதற்குப் பிறகுதான் எங்கள் லயத்து ஆட்கள் ஆற்றைத் தாண்டிப் போய்ச் சங்கத்தில் பேர் கொடுத்தார்கள். சங்கம் என்றாலே பயந்து கதவைச் சாத்தும் என் அப்பாதான் முதலில் போனவர்.

சங்கக்காரர்கள் வந்துதான் இந்தியக் கூலிகள் கெட்டுப்போனார்கள் என்று தொரைமார் சொல்லுவார்களாம். அன்று வரை எங்கள் தோட்டத்துக்குள் ஒரு சங்கக்காரரும் வந்ததில்லை. ஒரு தாயை மறித்ததைக் கண்ணால் பார்த்தோம், அவ்வளவுதான். மனிதரை எதுவரைக்கும் பொறுக்க வைக்கலாம் என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

வருஷம் எனக்குச் சரியாக நினைவில்லை. படித்த பிள்ளைகள் யாராவது பழைய சட்டப் புத்தகம் கிடைத்தால் பார்த்துச் சொல்லுங்கள். பெற்ற தாயும் வெளியாள்தான் என்று அதில் எழுதியிருந்ததா? இல்லை, தொரை வாயால் சொன்னதைச் சட்டம் என்று நம்பித்தான் அந்தக் காலை முழுக்க நாங்கள் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றோமா?