பெட்டியின் அடியில் இரண்டு கோடு

எங்கள் அக்காவைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரெண்டு தடவை' என்றுதான் சொல்வார்கள். "ரெண்டு தடவை வந்தாச்சா?" என்று கீழ்த்தளத்து அச்சகக்காரர் என்னிடம் தினமும் கேட்பார். பூட்டிய கடைக்கு மறுபடியும் படியேறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பஸ்ஸில் எழுந்ததும் உட்கார்ந்த இடத்தைத் தடவிப் பார்ப்பாள். போனில் பேசி முடித்து வைத்தவரையே திரும்பக் கூப்பிட்டு, "நீங்க சொன்னது வெள்ளிக்கிழமைதானே?" என்பாள். பயம் அவளுக்குக் கூடப்பிறந்தது. நானும் கூடப்பிறந்தவன்தான், எனக்கு அது ஒட்டவில்லை. ஆகவே அவளைக் கேலி செய்வது என் பொறுப்பாக இருந்தது, அதைக் குறைவில்லாமல் செய்தேன்.

எங்கள் தொழில் பழைய நெட்வொர்க் சாமான் வாங்கி விற்பது. ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களை ஒயர் வழியாக ஒன்றோடொன்று பேசவைக்கும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். மூடப்படும் அலுவலகங்களில் இருந்து அவற்றைக் கழற்றிக்கொண்டு வருவோம். ஊதித் துடைத்து, காற்றாடி மாற்றி, சோதித்து, புதிது வாங்க வசதியில்லாத நிறுவனங்களுக்கு விற்போம். கடைப் பலகையைப் பார்த்துவிட்டு மாதம் இரண்டு பேராவது ஃபேன் சுவிட்ச் கேட்டு மாடியேறி வருவார்கள். அவர்களுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து அக்கா தண்ணீர் கொடுத்து அனுப்புவாள்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கூத்து. இருபத்தாறு வயதில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வரவேற்பு மேசையில் இருந்தாள். ஒருநாள் முதலாளி எல்லாரையும் நிற்கவைத்து, கம்பெனியை மூடுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நாற்காலிக்கு அடிதடி, மின்விசிறிக்கு அடிதடி. அக்காவுக்குச் சண்டை என்றால் பயம். யாரும் எட்டிப் பார்க்காத சின்ன அறையில் சுவரோடு இருந்த ஆறு பெட்டிகளை எடுத்துக்கொண்டு வந்தாள். அது என்னவென்று தெரியாமல் மூன்று மாதம் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். பிறகு விசாரித்து, கற்று, விற்றாள். அக்காவின் கணவர், பஸ் ஓட்டும் எங்கள் மாமா, அந்தக் கட்டிலை இன்றைக்கும் தலைமை அலுவலகம் என்றுதான் சொல்வார்.

முதலில் விற்ற ஆறில் ஒன்றை வாங்கியவர் மறுநாள் போன் செய்தார். பழைய அலுவலகத்தின் ரகசியச் சொற்களெல்லாம் பெட்டிக்குள் அப்படியே இருப்பதாகச் சொல்லி, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை அவளுக்கு. அன்றைக்கு அவள் ஏற்படுத்திக்கொண்டதுதான் இரண்டு கோடு.

பெட்டிக்குள் இரண்டு நினைவுகள் உண்டு. ஒன்று அதன் பொதுவான அமைப்பு. அதை அழித்துவிட்டால் பெட்டி புதுசு போலத்தான் எழும்பும். மற்றொன்று தனியாக ஒளிந்திருக்கும் பட்டியல்: அந்த அலுவலகத்தில் என்னென்ன பிரிவுகள், எதற்கு எந்த எண் என்பது. முதலாவதை அழித்தால் இது அழியாது. இதைத் தேடிப்போய்த் தனியாக அழிக்கவேண்டும். அக்கா முதலாவதை அழித்ததும் பெட்டியின் அடியில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போடுவாள். பட்டியலையும் அழித்து, பெட்டியை அணைத்து, மறுபடி எழுப்பி, உள்ளே ஒன்றுமில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் இரண்டாவது கோடு. இரண்டுக்கும் நடுவில் அரைமணி நேரமாவது ஆகும். இரண்டு கோடு இருக்கிற பெட்டியை வாங்குபவர்கள் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். அப்படி ஒரு நம்பிக்கை.

எனக்கு அந்த அரைமணி நேரம் பிடிக்காது. பாரம் தூக்குவது, விலை பேசுவது, அலமாரிச் சட்டங்களைக் கழற்றுவது எல்லாம் என் வேலை. அக்கா வெளியே போகும் நாட்களில் அழிக்கும் வேலையும் என் தலையில் விழும். முதலாவதை அழிப்பேன், பெட்டி புதுசு போல எழும்பும், அதோடு திருப்தியாகி இரண்டு கோட்டையும் ஒரே மூச்சில் இழுத்துவிடுவேன். எப்போதிலிருந்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருதடவை செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. இவள் சும்மா பயப்படுகிறாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் அக்கா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு கடைக்கு வந்தாள். மாத்திரை மயக்கத்தில் மேசையில் தலை சாய்ந்து தூங்கிவிட்டாள். ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்துப் பெட்டிகள் ஆறு வந்திருந்தன. இரண்டை அவள் ஏற்கனவே முடித்திருந்தாள். மிச்சம் நான்கை நான் முடித்தேன், என் முறையில். அதில் ஒன்று மறுநாளே ஓர் ஆஸ்பத்திரிக்கு விற்றுப் போனது.

அதற்கு மூன்றாம் நாள் காலை, மிச்சமிருந்த பெட்டி ஒன்றை வேறொருவருக்குக் காட்டுவதற்காக அக்கா திரையில் திறந்தாள். நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் தட்டுவது நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"டேய், இதுல பட்டியல் அப்படியே இருக்குடா."

"எதுல?"

"ரெண்டு கோடு போட்டிருக்கு. பட்டியல் இருக்கு. இருநூத்திப் பதினாலுன்னு காட்டுது." உதட்டைக் கடித்தாள். "மாத்திரை மயக்கத்துல நான்தான் விட்டுட்டேன் போல. எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லையே. எனக்கு என்னடா ஆச்சு?"

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். வாய் வரைக்கும் வந்தது. நான் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

இருநூற்றுப் பதினான்கு என்பது அந்தப் பட்டியல் எத்தனை தடவை திருத்தப்பட்டது என்ற எண். ஒரே குழுப் பெயரில் இருக்கும் சுவிட்சுகள் ஒன்று சொல்வதை மற்றொன்று கேட்கும். எதன் எண் பெரியதோ அதன் பட்டியல்தான் புதியது என்று நம்பி, மற்றவையெல்லாம் தங்கள் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடும். குழுப் பெயர் வேறாக இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் பெயர் வைக்கச் சோம்பல்பட்டு முக்கால்வாசிப் பேர் 'ஆபீஸ்' என்றுதான் வைக்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலோடு ஒரு பெட்டி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால், ஐந்தாறு நொடியில் ஆஸ்பத்திரியின் எல்லா சுவிட்சுகளும் தாங்கள் ஆஸ்பத்திரி என்பதையே மறந்துவிடும். பரிசோதனைக்கூடத்து முடிவு டாக்டருக்குப் போகாது. மருந்தகத்துக்குச் சீட்டு வராது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் மேசையில் இருக்கும் திரை கறுத்துவிடும்.

"அன்னைக்கு முடிச்சதுல ஒண்ணுதானே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு, அந்தக் கம்ப்யூட்டர்காரர் இன்னைக்குப் பதினோரு மணிக்கு மாட்டறேன்னு சொன்னாரு," என்றாள் அக்கா. மணி பத்து இருபது. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. ஆறு தடவை போட்டாள். அவர் வேலை பார்ப்பது தரைக்குக் கீழே, அங்கே சிக்னல் கிடைக்காது. வரவேற்பு எண்ணுக்குப் போட்டால், "காத்திருக்கவும்" என்று ஒரு பதிவுக் குரல் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டரில் கிளம்பினோம். பின்னால் அக்காவின் கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. ஐ.சி.யூ.வில் யாரோ முகம் தெரியாத ஒருவர் படுத்திருக்கிறார், அவர் இதயம் தடுமாறுவதை நர்ஸ் மேசைக்குச் சொல்ல ஒயர் இருக்கிறது, ஒயரில் உயிர் இல்லை. இதுதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. இத்தனை வருடமும் அக்காவின் தலைக்குள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்ததா என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

"எனக்கு மறதி நோய் வந்துடுச்சாடா?" என்று காதருகே கேட்டாள். "உண்மையைச் சொல்லு. நீ ஏதாவது கவனிச்சியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் சலவை அறையைத் தாண்டிக் கடைசிக் கதவு. திறந்ததும் குளிர்காற்றும் காற்றாடிகளின் இரைச்சலும். கம்ப்யூட்டர்காரர் ஏணியில் நின்றிருந்தார். எங்கள் பெட்டி சட்டத்தில் ஏறிவிட்டது, பச்சை விளக்கு எரிந்தது. அவர் கையில் மஞ்சள் ஒயர்.

"சார், நிறுத்துங்க! அதைச் சொருகாதீங்க!" அக்கா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

அவர் இறங்கினார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை, மயக்கம், பட்டியல். "தப்பு என்னோடது சார். கோடு போட்டுட்டேன், வேலையை முடிக்கல." அவர் லேப்டாப்பை இணைத்துப் பார்த்தார். குழுப் பெயர் அதேதான். பெட்டியின் எண் இருநூற்றுப் பதினான்கு. ஆஸ்பத்திரியின் எண் முப்பத்தெட்டு. அவர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மேல இப்ப மூணு ஆபரேஷன் நடக்குது," என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, வந்து சொன்னீங்களே. வேற யாரா இருந்தாலும் கமுக்கமா இருந்திருப்பாங்க. இது கிடக்கட்டும். ரெண்டாவது மாடி நெட்வொர்க் காலையிலேர்ந்து படுத்துக் கிடக்கு, ஏதாவது ஒண்ணை மாட்டியே ஆகணும். உங்ககிட்ட வாங்கின உபரி ஒண்ணு அலமாரில இருக்கு."

"எப்ப வாங்கினது?"

"ஏழெட்டு மாசம் இருக்கும்."

அக்காவின் முகம் தெளிந்தது. "அப்ப எனக்குப் பல்வலியும் இல்ல, மாத்திரையும் இல்ல. அதைத் தாராளமா மாட்டுங்க சார்."

அவர் பெட்டியை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், இரண்டு கோட்டையும் பார்த்துத் தலையாட்டினார். நானும் பார்த்தேன். அக்காவின் கோடுகள் ஒன்றுபோல இருக்காது. நடுவில் அரைமணி நேரம் போயிருக்கும், கை மாறியிருக்கும், ஒன்று தடித்து ஒன்று மெலிந்திருக்கும். இந்தப் பெட்டியின் கோடுகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒரே மூச்சில் இழுத்தவை. அக்கா நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லை.

உள்ளே எந்த அலுவலகத்துப் பட்டியலோ, எண் என்னவோ. சின்ன எண்ணாக இருக்கலாம், ஒன்றும் ஆகாமல் போகலாம். இதுவரைக்கும் ஒன்றும் ஆனதில்லையே. அப்படியும் நினைத்தேன், மறைக்க விரும்பவில்லை. அவர் பெட்டியைச் சட்டத்தில் ஏற்றினார். மின்சாரம் கொடுத்தார். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. மஞ்சள் ஒயரை எடுத்தார்.

"அதையும் சொருகாதீங்க சார்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"அது நான் போட்ட கோடு," என்றேன். "பட்டியலை அழிக்கல. இன்சூரன்ஸ் பெட்டியும் நான்தான். அக்கா மேல தப்பு இல்ல. அவளுக்கு மறதியும் இல்ல."

அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனைடா?"

"தெரியலக்கா."

"எத்தனைன்னு கேக்கறேன்."

"எண்ணலக்கா."

அந்தப் பெட்டியை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர்காரர் எண்ணை வாய்விட்டுச் சொன்னார்: "அறுநூத்தி ஒண்ணு."

அக்கா அங்கேயே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு பெட்டிகளின் பட்டியலையும் அழித்தாள். அணைத்து எழுப்பிக் காட்டிய பிறகும் அவர் மாட்டவில்லை. கடன் வாங்கியாவது புதுசு வரவழைக்கிறேன் என்றார். "கோவிச்சுக்காதீங்கக்கா, இனிமே இந்தக் கோட்டை நம்பி என்னால ராத்திரி தூங்க முடியாது." அக்கா சரி என்று தலையாட்டினாள். அவர் சொன்னதில் அவளுக்கு எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் ஏற்கனவே மற்ற பெட்டிகளை நினைக்க ஆரம்பித்திருந்தாள்.

ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளால் இனி ஆபத்தில்லை, நடக்கவேண்டியது நடந்து முடிந்திருக்கும். அலமாரிகளில் உபரியாகத் தூங்குபவைதான் பயம். என்றைக்கோ ஒன்று பழுதாகும், யாரோ அவசரத்தில் அடியைத் திருப்பிப் பார்ப்பார், இரண்டு கோடு இருக்கும், சொருகிவிடுவார். மூன்று வாரமாக ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நான்தான் போன் செய்கிறேன். அக்கா எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் செய்ததை என் வாயாலேயே முழுதாகச் சொல்லவேண்டும், அது அவள் கட்டளை. சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள், பாதிப் பேர் இனி வரமாட்டார்கள். அக்கா இல்லாத நாட்களையும் விற்ற சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் நான் கோடு போட்டவை பதினேழு என்று தேறியது. பதிமூன்று திரும்பி வந்துவிட்டன. மிச்சம் நான்கும் கைமாறிக் கைமாறி எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்று ஏதோ தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனதாகக் கேள்வி.

இப்போது கடையில் போன் அடித்தால் எனக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. அக்கா போனைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்க்கிறாள். நான் எடுத்து, யாரென்று கேட்டு, ஒன்றுமில்லை என்று தலையசைக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.