மஞ்சள் கோட்டின் பாதி

என் மேசை இழுப்பறையில் ஒரு போல்ட் இருக்கிறது. சுண்டுவிரல் நீளம், எட்டு மில்லிமீட்டர் தடிமன். அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் இழுத்த ஒரு கோடு, விளிம்பு வரை வந்து நின்றுவிடுகிறது. கோட்டின் மறுபாதி, இந்த போல்ட் மாட்டியிருந்த இரும்புத் தட்டில் இருக்கிறது. அந்தத் தட்டு என் சித்தி மகளிடம் இருக்கிறது. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு போல்ட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இதை மட்டும் யாரையும் தொட விடுவதில்லை.

சித்தி மகள் என்னைவிட ஆறு மாதம் இளையவள். அந்த ஆறு மாதத்துக்காக என்னை அக்கா என்பாள். தா.பழூர்க்காரி. சித்தப்பா நெல் அறுக்கும் இயந்திரத்தை வாடகைக்கு ஓட்டுபவர்; அதன் கீழே படுத்துதான் அவள் வளர்ந்தாள் என்று சித்தி சொல்வார். டிப்ளமோ முடித்துவிட்டு, பெரம்பலூரில் நான் படித்த பொறியியல் கல்லூரியிலேயே நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாள். எங்கள் வீட்டில், என் அறையில் தங்கினாள். வந்த வாரமே கிரைண்டரைப் பிரித்து மாட்டினாள்.

"நாலு வருசமா கடகடன்னு கெடந்துச்சு, புள்ள கைய வச்சா ஊமையாயிடுச்சு பாரு. நீயும் இஞ்சினியருக்குத்தான் படிக்கிற" என்றார் அம்மா.

"நான் டிசைன் பக்கம்மா."

"டிசைன் பண்ணுனது போதும், வந்து மாவ வழிச்சு எடு."

எனக்கு எதையும் எண் போட்டு எழுதும் பழக்கம் உண்டு. அன்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு பட்டியலைத் தொடங்கினேன். ஒன்று, அவளுக்குப் படுத்ததும் தூக்கம் வருகிறது. இரண்டு, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வெட்கமில்லை. மூன்று, அம்மா அவளிடம் பேசும்போது சிரிக்கிறார். அந்தப் பட்டியலுக்கு நான் தலைப்பு வைக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

இறுதியாண்டில் எங்கள் குழு ஒருவர் மட்டும் அமரும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கட்டியது. வெளியூரில் நடக்கும் மாணவர் போட்டிக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ்ஷாஃப்ட் என் பொறுப்பு. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. ஒவ்வொன்றையும் ஒரு வட்டத் தட்டோடு ஆறு போல்ட்கள் இறுக்கிப் பிடிக்கும். ஓட்டிப் பார்க்கத் தொடங்கியதும் இடது பக்கத்து போல்ட்கள் மட்டும் தளர்ந்தன. ஐந்து சுற்றில் தளர்ந்தன. இறுக்கினால் ஏழு சுற்றில் தளர்ந்தன. கழன்று விழுந்தால் ஷாஃப்ட் சுழன்றடித்து ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் உடைக்கும். பேராசிரியர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை இருபது சுத்து ஓடணும். ஒரு போல்ட் அசைஞ்சாலும் காரு ஷெட்டுலயேதான் நிக்கும். போட்டிக்கு டிரைவ்ஷாஃப்ட் பாக்க ஒருத்தர்தான் போகலாம், அதுவும் அன்னைக்கே முடிவு."

போல்ட் வேலைக்கென்று எழுதி வைத்திருந்த சரிபார்ப்புப் பட்டியல்படி போனேன். பழைய போல்ட்களை எறிந்துவிட்டுப் புதியவை மாட்டினேன். மரையில் ஒட்டுப் பசை தடவினேன். அளவு காட்டும் ஸ்பேனரால், எதிரெதிராக, மூன்று தவணையில் இறுக்கினேன். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் தட்டு வரை மஞ்சள் கோடு இழுத்தேன். போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். எட்டாவது சுற்றில் நான்கு கோடுகள் உடைந்திருந்தன. மைதானத்தில் இடது வளைவுகள் அதிகம் என்று நோட்டில் ஒரு காரணம் எழுதினேன். எனக்கே நம்பிக்கையில்லை.

வியாழக்கிழமை மாலை அவள் பட்டறைக்கு வந்தாள். அவள் பிரேக் பிரிவு. கையில் பாதி கடித்த வெள்ளரிக்காய்.

"தட்டு முகத்தப் பிரிச்சுப் பாத்தியாக்கா?"

"போல்ட்ல பிரச்சினை. முகத்த எதுக்குப் பிரிக்கணும்?"

"போல்ட்டா சக்கரத்தச் சுத்துது? தட்டும் ஷாஃப்ட்டும் ஒட்டுற ரெண்டு முகமும் அழுந்திப் புடிக்கிற புடிதான சுத்துது. போல்ட்டு சும்மா அமுக்கிக்கிட்டுத்தான இருக்கு?"

பாடத்தில் நான் இரண்டு முறை முழு மதிப்பெண் வாங்கிய விஷயம் அது. என் பட்டியலில் இல்லாத விஷயமும் அதுதான். போல்ட்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேனே தவிர, ஷாஃப்ட்டைத் தட்டிலிருந்து ஒரு முறையும் விலக்கவில்லை. அவள் ஆறையும் கழற்றி ஷாஃப்ட்டை இழுத்தாள். பளபளவென்று உலர்ந்திருக்க வேண்டிய முகத்தில் செம்மஞ்சள் சேறு அப்பியிருந்தது. அவள் விரலில் தொட்டு முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

சந்தனம், குங்குமம். ஆயுத பூஜையன்று பாகங்கள் மேசைமேல் கிடந்தன. வலது பக்கம் அதற்கு முன்பே மாட்டியாகிவிட்டது. மீதி எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன், வரிசையாக, ஒன்றும் விடாமல். இடது தட்டின் தட்டையான முகத்தில் பொட்டு அழகாக நின்றது. மறுநாள் ஒருவன் துணியோடு வந்தபோது, "துடைக்காத, சாமிக்கு வச்சது" என்று தடுத்ததும் நான்தான். காய்ந்த சந்தனம் இரண்டு முகங்களுக்கும் நடுவே நொறுங்கி, கசிந்த கிரீஸோடு குழைந்து, பிடியை வழுக்கலாக்கிவிட்டது. அதன்மேல்தான் நான் அத்தனை அளவெடுத்து இறுக்கியிருந்தேன்.

பேராசிரியர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். அவள் தின்னரில் நனைத்த துணியை எடுத்துத் தட்டின் முகத்தை ஒரே இழுப்பில் துடைத்தாள்.

"என்னம்மா இருந்துச்சு உள்ள?"

"கிரீஸுங்க சார்."

அன்று வீட்டில், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா சிரிப்பானுவல்லக்கா. அதுவும் சாமிக்கு வச்சத" என்று சொல்லிவிட்டு, படுத்ததும் தூங்கிப்போனாள். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவளை வெறுப்பது எளிதாக இருந்திருக்கும். அந்த வசதியையும் அவள் எனக்குத் தரவில்லை. கடைசிப் பக்கப் பட்டியலில் அதைப் பதினேழாவதாக எழுதினேன்.

சனிக்கிழமை இருபது சுற்றும் ஓடியது. புதிதாக இழுத்த கோடுகளில் ஒன்றும் உடையவில்லை. எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். போட்டிக்கு நீயே போ என்றார் பேராசிரியர்.

"அக்காவே போவட்டும் சார். கோடு பாக்க அதுக்குத்தான் பொறுமை. நான் போனா ரெண்டாவது சுத்துல ஐஸ் வாங்கப் போயிருவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் எனக்குப் போட்ட பிச்சையில்தான் போனேன் என்று அப்போது தோன்றியது. இப்போதும் சில நாள் தோன்றுகிறது.

போட்டியில் நீண்ட ஓட்டத்தின் நடுவே கார் ஒரு முறை நின்றது. நான் டார்ச்சோடு குனிந்து இடது பக்கத்தைப் பார்த்தேன். ஆறு கோடுகளும் இழுத்த மாதிரியே இருந்தன. உள்ளே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியும். கழன்றால் என்ன ஆகும் என்பதை மற்ற எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும், ஒன்றாவது கொஞ்சம் நகர்ந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஒரு நொடிதான். அதை எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை. கார் ஓடி முடித்தது.

திரும்பி வந்து காரைப் பிரித்தபோது, யாரும் பார்க்காமல் ஒரு போல்ட்டை எடுத்துக்கொண்டேன். தட்டை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது அவள் சென்னைப் பக்கம் ஒரு கார் நிறுவனத்தில் இருக்கிறாள். டிரைவ்ஷாஃப்ட் பிரிவு, என்னுடையதாக இருந்த பிரிவு. நான் இங்கே பெரிய மோட்டார்களின் இணைப்புகளைப் பார்க்கிறேன். என் சரிபார்ப்புப் பட்டியலின் முதல் வரி: "முகங்களைப் பிரித்துத் துடைத்துப் பார்க்கவும்." நல்ல வரி என்று மேலாளர் பாராட்டினார். நன்றி சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

போன வாரம் அவள் போன் செய்தாள். "அக்கா, அந்தத் தட்டுல பேனா சொருகி ஆபீஸ் டேபிள்ல வச்சிருக்கேன். அஞ்சு போல்ட்டு மாட்டிட்டேன், ஒண்ணு மட்டும் பொக்கையா இருக்கு. உங்கிட்ட கெடக்கா?"

இழுப்பறை திறந்தேயிருந்தது. போல்ட்டை எடுத்து, மஞ்சள் கோடு விளிம்பில் வந்து நிற்கும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே சொன்னேன்: "தேடிப் பாக்குறேன்டி."

"கெடைக்கும்க்கா, நீதான் எதையும் தொலைக்க மாட்டியே" என்றாள்.