ராஜாங்கத்தின் இடது கை

ராஜாங்கம் கிரவுண்டில் விழுந்து இடுப்பு போய்விட்டதாம். கம்மாபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னாராம்; அவருக்கு பஸ்ஸில் வந்த யாரோ சொன்னார்களாம். சேதி ஸ்ரீமுஷ்ணம் போய்ச் சேர்ந்தபோது இடுப்போடு ஒரு காலும் சேர்ந்துகொண்டது. வேப்பூரைத் தாண்டுவதற்குள் ஆளைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விட்டார்கள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் தமிழ்ச்செல்வனின் காதில் இது விழுந்த அதே காலையில், ராஜாங்கம் விருத்தாசலத்தில், பேத்தி வெண்பா படிக்கும் பள்ளிக்கூடத்து மைதானத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பேத்தியிடமே திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

“ஒத்தக் கை தாத்தா. எத்தினி வாட்டி சொல்றது?”

“புடிச்சிட்டன் இல்ல?”

“ரெண்டு கையால புடிச்சா பவுலு. பாயிண்டு எனக்கு.”

“சரிங்க மேனேஜரம்மா” என்றார் ராஜாங்கம்.

அவர்கள் ஆடுவது ரிங். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீச வேண்டும். எதிரே இருப்பவர் அதைத் தரையில் விழவிடாமல் ஒரே கையால் பிடித்து, ஒரு கணமும் நிற்காமல் திருப்பி வீச வேண்டும். ஆறாவது படிக்கும் வெண்பாவுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. அறுபத்தெட்டு வயது ராஜாங்கத்துக்கும் ஓட்டம் வரும், குறி வரும், கண்ணும் நன்றாகத் தெரியும். அந்த ஒற்றைக் கைதான் வராது.

செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் தலை நரைக்கும்வரை அவருக்கு ஒரே வேலை. அச்சிலிருந்து பிரித்தெடுத்த ஈர மண் பொம்மையைக் கையில் வாங்கிப் பலகையில் காய வைப்பது, காய்ந்தபின் சூளைக்குள் அடுக்குவது. சூளைக்குப் போகாத உருப்படிக்கு அங்கே பச்சை என்று பேர். பச்சையை ஒரு கையால் வாங்கினால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. வெந்து வெளியே வரும்போதுதான் பிள்ளையாரின் தோளில் மயிரிழையாக ஒரு விரிசல் ஓடியிருக்கும். அதனால் எது வந்தாலும் ராஜாங்கத்தின் வலது கை நீளும்போதே இடது கையும் கூடவே போய் அடியில் ஏந்திக்கொள்ளும்.

வேலையை விட்ட பிறகும் கை விடவில்லை. டீக்கடையில் கிளாஸை இரண்டு கையால் வாங்குவார். பஸ்ஸில் டிக்கெட்டையும் அப்படித்தான். வயசில் சின்னவனான கண்டக்டர் கூச்சப்பட்டு நெளிவான். தேர்தல் சமயத்தில் வீடு தேடி வந்த மூன்று கட்சிக்காரர்களிடமும் நோட்டீஸை இரண்டு கையால் வாங்கி, மூன்று பேரையும் இந்த ஓட்டு நமக்குத்தான் என்று நம்பவைத்து அனுப்பினார். மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் காபி டம்ளரை அவர் ஏந்தி வாங்கியதைப் பார்த்து, இப்படிப் பணிவான மனுஷன் வீட்டில் நம் பெண் நன்றாக இருப்பாள் என்று அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். “அந்த ஒரு டம்ளருல ஏமாந்துட்டோம்” என்று சம்பந்தியம்மாள் பானுமதி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். ராஜாங்கத்திடம் பணிவு என்று தேடினால் கிடைப்பது கஷ்டம். பந்தியில் சாம்பார் நீர்த்திருந்தால் சமையற்காரரைக் கூப்பிட்டே சொல்லிவிடுகிற ஆள்.

வெண்பா மஸ்கட்டில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவருக்கும் வேலை; பள்ளிக்கூடம் விட்டால் ஏழாவது மாடி வீடு, ஜன்னலுக்கு வெளியே வெயில். தாத்தா ஊருக்கு விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து இங்கேயே ஸ்கூலில் சேர்ந்தாள். அதிலிருந்து ராஜாங்கத்தின் வீட்டில் பகலில் ஆளே இருப்பதில்லை. காலையில் கிரவுண்டு, சாயங்காலம் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் இல்லாத மணிமுத்தாற்று மணலில் காற்றுக்கு எதிராக ரிங் வீசுவது. அவர் மனைவி செல்வநாயகியும் மகன் அனுப்பிய ஷூவைப் புடவைக்குக் கீழே மாட்டிக்கொண்டு கூடவே நடப்பாள். அந்த ஷூவோடு முழங்காலுக்கு உறையும் ஒரு சொல்லும் வந்திருந்தன: நடக்கலாம், ஓடக்கூடாது.

விழுந்தது உண்மைதான். தூரத்தில் இறங்கிய ரிங்கைப் பிடிக்கப் பாய்ந்தவர் செம்மண்ணில் கொஞ்ச தூரம் சறுக்கிக்கொண்டே போய், அங்கேயே மல்லாந்து படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இடுப்புக்கும் ஒன்றுமில்லை, காலுக்கும் ஒன்றுமில்லை. ரோட்டில் போனவர்களுக்கு விழுந்தது தெரிந்தது, சிரித்தது தெரியவில்லை.

சேதி போய்ச் சேர்ந்த அந்த லீவு நாள் பகலிலேயே மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. அப்பா தூங்குகிறார் என்று செல்வநாயகி சொல்லிப் பார்த்தாள். எழுப்பு என்றான் மகன். ராஜாங்கம் அவசரமாகத் துண்டை உதறித் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு, இப்போதுதான் கண் விழித்தவர் மாதிரிப் பேசினார். ஊரில் ஆயிரம் சொல்வார்கள் என்றார். தமிழ்ச்செல்வன் கோபப்படவில்லை, அதுதான் இவருக்குப் பயமாக இருந்தது. இங்கே ஒரு போன் நேரம் கெட்டு அடித்தாலே ஊரில் யாருக்கு என்னவோ என்று ஆகிவிடுகிறது அப்பா என்றான். நீங்கள் ரெண்டு பேரும் அங்கே தனியாக, ஒன்று என்றால் நான் ஏர்போர்ட்டுக்கு வருவதற்கே பாதி நாள் ஆகிவிடும் என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“இன்னொரு தடவ நீங்க வுழுந்தீங்கன்னு என் காதுல வந்துச்சுன்னா, பரீட்ச முடிஞ்சதும் வெண்பாவ இங்க கூட்டிக்கினு வந்துடுவம்பா. அவள ஓட வுட்டுட்டுப் பின்னாலயே நீங்களும் ஓடறீங்க. அதுக்கு நான் வேற என்னா செய்யட்டும்?”

கதவோரம் நின்ற வெண்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சைக்கிளை எடுக்கவில்லை.

இது நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பள்ளிக்கூடத்தில் தாத்தா பாட்டி தினம் வந்தது. வழக்கமாகப் பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு சந்தனப் பொட்டு வைத்து, பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கச் சொல்வார்கள். புதிதாக வந்த பி.டி. டீச்சர் பாரதிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தாத்தா அல்லது பாட்டி, ஒரு பேரப்பிள்ளை, இரண்டு பேரும் சேர்ந்து ஓர் அணி. ரிங் டபுள்ஸ் என்று அறிவித்துவிட்டார். பேர் கொடுக்கலாமா என்று வெண்பா கேட்கவே இல்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, “நாம வேணாம் தாத்தா” என்றாள். ராஜாங்கம் மறுநாள் காலையில் அவளுக்கு முன்னால் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தார்.

“வுழாம ஆடுனா யாரு என்னா சொல்லப்போறாங்க?” என்றார் மனைவியிடம்.

“ஒங்களுக்கு வுழாம ஆடத் தெரியுமா?” என்று கேட்டாள் செல்வநாயகி.

ஒற்றைக் கைப் பழக்கத்துக்காக வெண்பா தன் தலை ரிப்பனால் தாத்தாவின் இடது மணிக்கட்டை இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். பயிற்சியில் அது பிரமாதமாக வேலை செய்தது. ஆட்டத்தன்று பாரதி டீச்சர் அதைப் பார்த்துச் சிரித்து, கட்டோடு ஆடினால் தடுமாறி விழுந்துவிடுவீர்கள் சார் என்று அவிழ்த்துவிட்டார். விழுவதைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்ததா என்னவோ.

முதல் இரண்டு ஆட்டத்தை வெண்பா தன் காலாலேயே ஜெயித்துக் கொடுத்தாள். கடைசி ஆட்டத்துக்கு எதிரே வந்து நின்றவர் பழமலை. ரிட்டையர்டு ஏட்டு, தினமும் ஷட்டில் ஆடுகிறவர், பனியனும் அரைக்கால் சட்டையுமாக வந்திருந்தார். கூட அவருடைய பேரன். பழமலை ஒரே பார்வையில் சங்கதியைக் கண்டுகொண்டார். வெண்பா பக்கமே வீசவில்லை. எல்லாம் ராஜாங்கத்துக்கே வந்தன. மென்மையாக, நெஞ்சுக்கு நேராக, கையில் கொடுப்பது போல. அப்படி வந்தால் அந்த இடது கை சும்மா இருக்குமா? விசில் மேல் விசில்.

“என்னா ராஜாங்கம், ரிங்க வாங்குறியா, விபூதி வாங்குறியா?” என்றார் பழமலை. நாற்காலியில் இருந்த தாத்தாக்கள் எல்லாம் சிரித்தார்கள். அடுத்ததற்கும் விசில். “தட்சண போட்டுட்டுப் போய்யா” என்றார்.

புள்ளி சரிந்துகொண்டே போயிற்று. ராஜாங்கம் இடது கையைத் தொடையில் ஓங்கி அடித்தார், பொடிப்பையனை அதட்டுவதுபோல. வெண்பா டீச்சரிடம் நேரம் கேட்டுவிட்டு அவரிடம் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. திட்டப்போகிறாள் என்று நினைத்தார். அவள் அவருடைய இடது கையைப் பிடித்து, உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, அதன்மேல் எதையோ வைப்பதுபோல் மெல்ல வைத்தாள்.

“தாத்தா, இதுல ஒரு பச்ச இருக்குது. இப்பத்தான் அச்சுலேர்ந்து எடுத்தது. புள்ளையாரு.”

ராஜாங்கம் உள்ளங்கையைப் பார்த்தார். “ஈரமா?”

“சொட்டுது.”

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் வெகுநாள் மறக்கமாட்டார்கள். இடது கையை மார்புக்கு நேராக ஏந்தி, அதில் இல்லாத பிள்ளையார் அலுங்காமல், ராஜாங்கம் மைதானம் முழுக்க ஓடினார். பக்கவாட்டில் நகர்ந்தார், குனிந்தார், எட்டினார். இடது கை மட்டும் தண்ணீர் நிரம்பிய சொம்பைத் தூக்கிப் போகிறவனின் கைபோல ஒரே மட்டத்தில் மிதந்துகொண்டிருந்தது. கையில் பச்சை இருக்கும்போது அந்தக் கையை வேறெதற்கும் அவர் நீட்டியதே கிடையாது. ரிங்கை வலது கை ஒன்றே பிடித்தது, அதுவே வீசியது. சிரித்தவர்கள் முதலில் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று, எண்ண ஆரம்பித்தார்கள். பழமலை வாயைத் திறப்பதை விட்டுவிட்டு வேர்வையைத் துடைத்தார். இருபதுக்கு இருபது வந்தது, இனி ஒரே புள்ளிதான் ஆட்டம்.

அடுத்த புள்ளிக்குப் பழமலை தந்திரம் பண்ணினார். நெஞ்சுக்கு வீசுவதுபோல் கையைக் கொண்டுவந்து, வலையை ஒட்டி மூலையில் சாய்த்துப் போட்டார். வெண்பா பின்கோட்டில் நின்றாள். ராஜாங்கத்துக்கு யோசிக்க நேரமில்லை. ஒருவேளை யோசித்தே இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார். பாய்ந்தார். செம்மண் புழுதி எழுந்தது. முழு நீளத்துக்கு விழுந்து கிடந்த மனிதரின் இடது கை மட்டும் தலைக்கு மேலே, உள்ளங்கை வானத்தைப் பார்க்க, அப்படியே நின்றது. வலது கை, தரைக்கு ஒரு விரற்கடை மேலே ரிங்கைக் கவ்வி, படுத்தபடியே வலைக்கு அந்தப் பக்கம் எறிந்தது. அங்கே அதைப் பிடிக்க யாரும் தயாராக இல்லை. ராஜாங்கம் விழுந்ததைப் பேரனும் ஏட்டும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வுழுந்துக்கினு வீசுனா செல்லாதும்மா” என்றார் பழமலை.

“வுழக்கூடாதுன்னு ரூலு ஒண்ணும் இல்லைங்க சார்” என்ற பாரதி டீச்சர் விசிலை நீளமாக ஊதினார்.

மைதானம் எழுந்து கத்தியது. பழமலை வலைக்கு அடியில் குனிந்து வந்து, ராஜாங்கத்தைத் தூக்கி நிறுத்தி, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தானே தட்டிவிட்டார். வெண்பா தாத்தாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் எதை நினைக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். சுற்றிலும் போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். விழுந்ததை ஊரே படம் எடுத்திருந்தது. இது கம்மாபுரம் போய், வேப்பூர் போய், மஸ்கட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் என்னவெல்லாம் ஆகுமோ.

செல்வநாயகி ஓட்டமாக வந்தாள். அவருடைய முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. “போனு வந்தா நான் எடுக்கறன். நீங்க வூட்டுக்குப் போயி ஒரு முழுக்கைச் சட்டயப் போட்டுக்குங்க” என்றாள்.

“போன இப்பிடிக் குடு” என்றார் ராஜாங்கம்.

அவரே மகனின் பெயரைத் தேடி வீடியோவை அழுத்தினார். திரையில் அவர் முகம் தெரிந்தது. மூக்கின்மேலும் மீசையிலும் செம்மண். செல்வநாயகி முந்தானையைச் சுருட்டி அவசர அவசரமாகத் துடைக்க வந்தாள். அவர் அவள் கையை விலக்கினார்.

“இருக்கட்டும். பாக்கட்டும்.”

வெண்பாவை முன்னால் இழுத்து நிறுத்திக்கொண்டு, காயம்பட்ட முழங்கையும் படத்தில் விழும்படி போனைத் தள்ளிப் பிடித்தார். மஸ்கட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.