பெட்டியில் போட்ட பாரம்

கருத்துப் பெட்டியைத் திறந்த அன்று அறையில் இருந்தவர்கள்: டாக்டர். நர்ஸ். முன்மேசையில் பெயர் எழுதும் மலாய்க்காரப் பெண். புண் கழுவிக் கட்டுப் போடும் நான். வெளியே பெஞ்சில், ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் காவல் வேலை பார்க்கும் அங்கிள். சப்பாத்து போட்டிருந்தார்.

கிள்ளானில் எங்கள் கிளினிக். டாக்டர் தன்னைத் திருத்திக்கொள்ள நோயாளிகளிடமும் கூட வேலை செய்பவர்களிடமும் கருத்துக் கேட்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் படிவம், எங்கள் பேச்சில் பாரம், அனுப்பியிருந்தது. என்ன கற்றுக்கொண்டார் என்று ஒரு பக்கம் எழுதினால் டாக்டருக்கு லைசென்ஸ் புதுப்பிக்கப் பாயிண்ட்.

நர்ஸ் கெட்டிக்காரி. எம்.சி. வாங்குபவர்களுக்கு மட்டும், அந்த லீவுச் சீட்டோடு சேர்த்துப் பாரத்தைக் கொடுத்தாள். எல்லாரும் ஐந்துக்கு ஐந்து. திங்கட்கிழமை வயிற்றுவலிக்காரர்களைப் போல டாக்டர்மேல் பாசம் உள்ளவர்கள் கிடையாது.

அங்கிளுக்கு இனிப்பு நீர். கால் மரத்துப்போகிறது என்று இரண்டு வாரமாக வந்தார். டாக்டர் கம்ப்யூட்டரில் சர்க்கரை அளவைப் பார்த்தார், மாத்திரையைக் கூட்டினார். அவரும் ஒரு பாரம் கேட்டு வாங்கி ஐந்து போட்டார்.

காலைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

"பாக்கல. ஆனா சீக்கிரம் விட்டுடறாருலா. ஷிப்டுக்குப் போவணும்."

அவர் எழுந்துபோன இடத்தில் நாற்றம் இருந்தது. அந்த நாற்றம் எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் சீட்டு எழுதாமல் நான் யார் காலையும் தொடக் கூடாது.

எனக்கும் ஒரு பாரம் வந்தது. பேர் போட வேண்டாம், மனசில் இருப்பதை எழுதலாம் என்றாள் நர்ஸ். ஆறு வருடத் தமிழ்ப் பள்ளி என் படிப்பு. தமிழில் எழுதிப் பெட்டியில் போட்டேன்.

அடுத்த வாரம் பெட்டியைத் திறந்தார்கள். டாக்டர் தமிழர்தான், தமிழ் படிக்கத் தெரியாது. நர்ஸுக்கும் தெரியாது. என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, யாரோ தமிழ்ல எழுதியிருக்காங்க. கொஞ்சம் படிங்க."

கிளினிக்கில் நாங்கள் நாலே பேர். நர்ஸ் காலண்டரைப் பார்த்தாள். நான் படித்தேன்.

"டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். காலைப் பார்ப்பதில்லை. காவல்கார அங்கிளின் சப்பாத்தைக் கழற்றிப் பார்க்கவும்."

டாக்டர் என்னையே பார்த்தார். "யாரு எழுதுனதுண்ணே?"

"பேர் போட வேணாம்னாங்க டாக்டர். அங்கிள் வெளிலதான் உக்காந்திருக்காரு."

எழுந்து போனார். நான் காலுறையை உருவினேன். பெருவிரல் கறுத்திருந்தது. டாக்டர் கையாலேயே கடிதம் எழுதி அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பாதத்தையே எடுத்திருப்பார்களாம்.

டாக்டர் தன் ஒரு பக்கத்தை எழுதினார். சக ஊழியர் சொல்வதை எப்போதும் காது கொடுத்துக் கேட்பவராம் அவர். முன்மேசைப் பெண் படித்துச் சொன்னாள். பாயிண்ட் வந்துவிட்டது.

அங்கிள் இப்போது கட்டு மாற்ற என்னிடம் வருகிறார். போன வாரம் நர்ஸ் புதுப் பாரம் நீட்டினாள். மறுபடியும் ஐந்து போட்டார்.

வலது காலில் விரல் நான்கு.