ஐந்தாவது துளையில் யார்?

போன சனிக்கிழமை தேக்கா பக்கம், வசந்தியின் பியூட்டி பார்லருக்கு ஃபேஷியலுக்குப் போயிருந்தேன். உடை மாற்றிக்கொண்டு வந்தால், வசந்தி கார்டு மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். ரெண்டு வாரமாக இன்டர்நெட் ஆமை வேகமாம்.

துணைக்கு வந்திருந்த என் நாத்தனார் கவிதா, தெம்பனிஸில் ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் எஞ்சினியர். சும்மா இருப்பாளா? வரிசையான துளைகளில் கடையின் இன்டர்நெட் கேபிள்கள் செருகியிருந்த ஸ்விட்ச் பெட்டியோடு தன் லேப்டாப்பை இணைத்தாள்.

"ஒவ்வொரு மெஷினுக்கும் ஃபேக்டரியிலயே ஒரு அட்ரஸ் போட்டுடுவாங்க அண்ணி. அது ஏதாவது அனுப்பினா, 'இந்த அட்ரஸ் இந்தத் துளையில இருக்கு'ன்னு ஸ்விட்ச் தானா கத்துக்கும். அப்புறம் அதுக்கு வர்றத அங்க மட்டும் அனுப்பும்."

பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"வசந்திக்கா, அஞ்சாவது துளையில என்ன மாட்டியிருக்கீங்க?"

"அதுல நாங்க ஒண்ணும் மாட்டலையே லா."

"இருக்கு. ஓயாம வெளிய எதையோ அனுப்பிக்கிட்டிருக்கு. அட்ரஸோட முன்பாதிய வச்சு யார் தயாரிச்சதுன்னு பாத்தேன்... கேமரா கம்பெனிக்கா."

"நாங்க கேமராவே வைக்கலையே."

மூன்று பேரும் அந்தக் கேபிளின் பின்னாலேயே போனோம். அது கூரைப் பலகைக்குள் நுழைந்தது. சுவர் தாண்டி எட்டிப் பார்த்த இடம் — உடை மாற்றும் அறை. புகை கண்டறியும் கருவி மாதிரி ஒரு வெள்ளை வட்டு. நடுவில் மிளகளவு கண்ணாடி.

கொஞ்சம் முன்னால்தான் நான் அதன் கீழே நின்றிருந்தேன்.

"எதையும் கழட்டாதீங்க. போலீஸ் வந்து பாக்கட்டும்" என்று கதவைச் சாத்தினாள் கவிதா.

போலீஸ் வந்தது. போன மாதம் கூரை ஒழுகலைச் சரிசெய்ய வந்த ஆள் இந்த வாரம் பிடிபட்டான். வசந்தி கையால் டீ வாங்கிக் குடித்தவன்...

அந்தச் சனிக்கிழமை போலீஸ் போனதும் வசந்தி கஸ்டமர் நோட்டைப் பிரித்தாள். பிறகு ஃபோனை எடுத்தாள்.

"கஸ்டமருங்ககிட்ட என்னன்னுக்கா சொல்றது? கடையே போயிடும்."

"போனாலும் போகட்டும். நடந்ததச் சொல்லு" என்றேன்.

ஒவ்வொருவராக அழைத்தாள். சிலர் அழுதார்கள். சிலர் திட்டினார்கள். அவள் யாரையும் விடவில்லை.

யார் எந்தத் துளையில் என்று ஸ்விட்ச் சரியாகத்தான் கற்றுவைத்திருந்தது. 'நீ ஏன் இங்கே?' என்று கேட்க மட்டும் அதற்குத் தெரியாது... அதை நாம்தான் கேட்க வேண்டும்.