குழல் வரும் இடம்

என் அண்ணனுக்குக் கை பஞ்சு, வாய் முள். முடிதிருத்தும் கடையில் அவன் கத்தி பட்டு ஒருவருக்கும் ரத்தம் வந்ததில்லை. அவன் பேச்சு பட்டு அழாதவர் வீட்டில் யாருமில்லை. கூடப் பிறந்தவள் நான், சொல்ல எனக்கு உரிமை உண்டு.

முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு துணித்திரை. அறுபதுகளில் எங்கள் தெருவில் சினிமாப் பாட்டுக் கேட்க அந்தக் கடை ரேடியோவைத்தான் தேடி வருவார்கள். வழுக்கைத் தலையர் ஒருவர் வாராவாரம் வந்து நாற்காலியில் உட்காருவார். "எதை வெட்டட்டும்?" என்பான் அண்ணன். "பாட்டு முடியட்டும், சொல்றேன்" என்பார் அவர்.

கப்பலில் வேலை பார்த்த ஒருவர் தன் ஸ்பூல் டேப் ரெக்கார்டரை விற்றுவிட்டுப் போனார். அன்று பிடித்தது அண்ணனுக்குப் பைத்தியம். ரேடியோவுக்கு முன்னால் மைக்கை வைத்துத்தான் பாட்டைப் பிடிப்பான். வயரால் இணைக்கலாம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? நேயர் விருப்பம் தொடங்கினால் மின்விசிறி நிற்கும். சொட்டும் குழாய்க்கு அடியில் துணி போடுவோம். முகத்தில் நுரையோடு இருப்பவர் தும்மக்கூடாது. எங்கள் வீட்டில் பாட்டு என்றால் எல்லாரும் ஊமை.

ஒரு பாட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தான். ஆண் கேட்க, பெண் பதில் சொல்லும் பாட்டு. ஒரு மதியம் அது வந்தேவிட்டது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால், குழல் மட்டும் தனியாக ஒலிக்கும் இடத்தில், திரைக்குப் பின்னாலிருந்து அண்ணி கூப்பிட்டாள்.

"ஏங்க, சாப்பிட வர்றீங்களா? ஆறிப்போகுது."

பாவம், அடுப்பு இரைச்சலில் பதிவு தொடங்கியது அவளுக்குத் தெரியவில்லை.

"வாயை மூடுடி, சனியனே!" என்று கத்தினான் அண்ணன். நாற்காலியில் இருந்தவர் துள்ளி விழுந்தார்.

டேப்பைப் போட்டுக் கேட்டபோது அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தீங்களா, நானும் பாட்டுல வந்துட்டேன்!" என்றாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பாட்டு மறுபடி வந்த அன்று, பழையதன் மேலேயே புதிதாகப் பதிந்தான். பாட்டு முடியும்வரை அண்ணி திரைக்குப் பின்னால் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் பார்த்தேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள்.

அவள் முகம் கல்யாணப் போட்டோவில் இருக்கிறது. குரல் எங்குமே இல்லை. இருந்த ஒன்றையும் இவனே அழித்தான்.

"அழிச்சுட்டேனேம்மா" என்பான் என்னிடம்.

"ஆமா, அழிச்சே. இப்ப புலம்பி என்ன ஆகப்போகுது?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, அடுக்களைக்குள் போய் நானும் அழுவேன்.

அந்தப் பாட்டைக் கடையில் போடுவதை அவன் நிறுத்தவில்லை. குழல் வரும் இடத்தில் அவன் கத்தி அப்படியே நிற்கும். கழுத்தை நீட்டியவர் நீட்டியபடி இருப்பார். தெருவுக்கே தெரியும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அண்ணன் திரையைப் பார்ப்பான். ஒருமுறை சரியாக அந்த நேரத்தில் என் கையிலிருந்து கரண்டி விழுந்தது. பாய்ந்து வந்து திரையை விலக்கினான். அங்கே நான் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. அதன்பிறகு அந்த இடத்தில் நான் மூச்சுகூட விடுவதில்லை.

ஒருநாள் ரெக்கார்டர் மக்கர் பண்ணியது. ரேடியோ ரிப்பேர்காரர் வந்தார். அவரைத் தெருவில் 'வால்வு' என்றுதான் கூப்பிடுவார்கள். பிரித்துப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணே, இதுல அழிக்கிற ஹெட்டு ஆரம்பத்துலேருந்தே சரியில்ல. பழசு மேல பதிஞ்சிருந்தா, அது அடியில கொஞ்சம் கிடக்கும்."

அண்ணன் சவரக்கத்தியைக் கீழே வைத்தான். "குரல் கேக்குமா?"

"உங்க ஸ்பீக்கர்ல கேக்காது. என் ஹெட்போன்ல கேட்டுப் பாருங்க. உறுதியா சொல்ல மாட்டேன்."

பாதி சவரத்தில் இருந்தவரை அப்படியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். பழக்கதோஷம், மின்விசிறியையும் நிறுத்தினான். ஹெட்போனில் ஒரு காது அவனுக்கு, ஒரு காது எனக்கு. தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்தோம். குழல் வந்தது. அதற்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஒரு குரல்.

"வாயை மூடுடி, சனியனே!"

அவ்வளவுதான். அதற்கு முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. சுற்றிவிட்டு மறுபடி கேட்டோம். அதேதான்.

ஹெட்போனை வாங்கித் தானும் கேட்டுவிட்டு, வால்வு தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அவங்க திரைக்கு அந்தப் பக்கத்துலேருந்து மெதுவா பேசியிருப்பாங்க. நீங்க மைக்குப் பக்கத்துலேயே நின்னு கத்தியிருக்கீங்க. மெதுவா பேசினது நிக்காதுண்ணே."

ரெக்கார்டரைத் தூக்கி எறியப்போகிறான் என்று பயந்தேன். எறியவில்லை. ஹெட்போனை விலைக்குக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான்.

கடையில் ஆளில்லாத மதியங்களில் இன்றும் அதை மாட்டிக்கொள்கிறான். குழல் தொடங்கியதும் திரையைப் பார்த்து அவசர அவசரமாக, "வர்றேன்மா, நீ எடுத்து வை" என்கிறான். எவ்வளவு வேகமாகச் சொன்னாலும், அதற்குள் டேப்பில் அவன் கத்திவிடுகிறான்.