கடைசி பெஞ்சுத் தூக்கம்

அறிவியல் டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வகுப்பில் யாராவது கண்ணயர்ந்தால் சாக்பீஸ் பறந்து வரும். அவர்தான் விடுமுறையில் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு ஆளே மாறி வந்தார். பகலில் படித்ததை மூளை தூக்கத்தில்தான் பதிய வைக்கிறது, தூங்காத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை என்று அங்கே சொன்னார்கள். கேட்டதும் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தியின் முகம் அவர் கண்முன் வந்து நின்றது.

எல்லோரும் அவளைத் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் அம்மாவுக்கு ஒரு விடுதியில் சமையல் வேலை. விடியுமுன்பே மகளும் கூடப் போய்க் காய் நறுக்கி, பாத்திரம் கழுவிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள்.

பள்ளி திறந்ததும் டீச்சர் அந்தச் சமையலறைக்கே போனார்.

"காலையில அவளைக் கொஞ்சம் தூங்க விடுங்கம்மா. தூங்கினாத்தான் படிச்சது மண்டையில நிக்கும்."

அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "இத்தனை பேருக்கு நான் ஒருத்தியே ஆக்கிப் போட முடியுமா டீச்சர்? அவ வரலைன்னா என்னை நிறுத்திட்டு வேற ஆள் பார்ப்பாங்க."

டீச்சர் பள்ளிக்குத் திரும்பினார். முதல் பாடவேளை அவருடையது. அதில் அவளைத் தூங்க விட்டார். மதிய இடைவேளையில் பக்கத்தில் உட்கார வைத்து அன்றைய பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார். சில வாரங்களில் இதயத்தின் அறைகளைத் தப்பில்லாமல் வரைந்தாள். "நானா டீச்சர் வரைஞ்சேன்?" என்று சிரித்தாள்.

ஒருநாள் தலைமையாசிரியர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டார்.

"இது பள்ளிக்கூடமா, சத்திரமா? நாளைக்கு எல்லாப் பிள்ளையும் தலையணையோட வரும்!"

"சார், மூளைக்கு..."

"மூளையை அப்புறம் பார்க்கலாம். முதல்ல பாடத்தை முடிங்க."

ஆசிரியர் அறையில் அவருக்குத் 'தாலாட்டு டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். மறுநாள் முதல் அவரே அவள் தோளைத் தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று. அவள் முகம் சுளிக்கவில்லை. முகம் கழுவி வந்து, கண்களை அகல விரித்தபடி உட்கார்ந்திருப்பாள். மதியம் சொல்லிக் கொடுத்தது மறுநாள் இருந்த இடம் தெரியாது.

அரையாண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தோற்றாள். பிறகு வரவில்லை.

டீச்சர் மறுபடியும் சமையலறைக்குப் போனார். அவள் ஓடிவந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"முழுப் பரீட்சைக்காவது வந்து எழுதேன்மா."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தார்.

"வேணாம் டீச்சர். இங்கன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

டீச்சர் அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினார். பாடங்கள் இன்னும் பாதி கிடந்தன. மறுநாள் அவர் வேகவேகமாக நோட்ஸ் சொன்னார். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதினார்கள்.